குவிமாடத்தின் ‘டிரம்’: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். புளோரன்ஸ் பேராலயம் பற்றிய பள்ளிக் காணொளிக்குத் தமிழ் வரிகள் எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை தர வேண்டும். கூரைக்கும் குவிமாடத்துக்கும் நடுவே நிற்கும் எண்கோணச் சுவர்தான் ‘டிரம்’. 1420இல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி குவிமாட வேலையைத் தொடங்கும் முன்பே அது எழும்பிவிட்டது. அதை எப்படி மூடுவது என்பதுதான் கதையே. ‘முரசு’ என்று போடலாமா?

கோயிற்கலை ஆர்வலர்:
முரசு வட்டம், இது எட்டுப் பட்டை. நம் கோயில் விமானத்தில், அதாவது கருவறை மேல் எழும் கோபுரத்தில், சிகரம் என்ற உச்சிக் கூரைக்குக் கீழே இருப்பது கிரீவம். ஸ்தபதிகள் வாயில் வழங்கும் சொல்.

தமிழாசிரியர்:
கிரீவம் வடசொல். ‘கழுத்து’ இருக்கும்போது அது எதற்கு?

கோயிற்கலை ஆர்வலர்:
அப்படியானால் விமானம், சிகரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும், ஐயா. சுக்கிரீவனையும் நற்கழுத்தன் ஆக்கிவிடுவோமா?

பொறியாளர்:
இரண்டுமே பொருந்தாது. கோயிலில் கழுத்து உள்வாங்கி நிற்கும், சிகரம் அதைவிடத் துருத்தும். புளோரன்சில் சுவர் ஒடுங்கவே இல்லை. நாற்பது மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியை மூடும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடு கொண்ட செங்கல் குவிமாடம், தரையிலிருந்து சாரத் தாங்கல் இல்லாமல் அதன் மேல் எழுந்தது. வெளியே முட்டுச்சுவர் கிடையாது. குவிமாடம் பிதுங்காமல் இருக்க உள்ளேயே கல்லாலும் மரத்தாலும் சுற்றிவரச் சங்கிலி போட்டார்கள். எடை முழுவதும் இறங்குவது இந்தச் சுவரில்தான். ‘ஏந்துசுவர்’ என்போம்.

தமிழாசிரியர்:
மண் சரியாமல் கட்டும் தாங்குசுவரோடு குழம்பும்.

முரசுக் கட்சிக்காரர்:
இத்தாலியத்திலும் ‘தம்புரோ’, அதாவது முரசுதான். நம் தம்பட்டமும் தம்புராவும் அதே வேர். முரசை எளிதாக எண்ணாதீர்கள். சங்கப் புலவர் மோசிகீரனார், அரச முரசை வைக்கும் முரசுகட்டிலில் அயர்ந்து தூங்கியபோது, அந்தக் குற்றத்துக்கு வெட்ட வேண்டிய சேரன் வாளை விட்டுவிட்டு விசிறியைத்தான் எடுத்தான்.

கோயிற்கலை ஆர்வலர்:
ஒலி ஒத்தால் வேர் ஒன்றாகிவிடுமா? அந்தக் கதை வரும் புறநானூறு 50 அருமையான பாட்டு, ஆனால் வெள்ளிக்கிழமைக்கு உதவாது.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் கழுத்துக்கே ஆள் அதிகம். ‘குவிமாடக் கழுத்து’ என்று எழுதிவிடுகிறேன். படம் கூடவே ஓடும். அப்புறம், உச்சியில் நிற்கும் சிறு கல்மண்டபம், ‘லாண்டர்ன்’. முதல் வரைவில் யாரோ ‘விளக்கு’ என்று போட்டிருக்கிறார்கள்.

பொறியாளர்:
கழுத்துக்கு நான் உடன்படவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். லாண்டர்ன் விளக்கு இல்லை, வெளிச்சம் இறங்கும் மாடம். கலசம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தச் சொல்லை அதன் மேல் 1471இல் ஏற்றிய செப்புக் கோளத்துக்கு மிச்சம் வையுங்கள்.