கேம்பர் வண்டிக்கு அடித்தகடு: இரும்பா, அலுமினியமா? கையில 8,000 தான்

ஒடுகத்தூர் புளிக்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே. வண்டி செகண்ட் ஹேண்ட் போலேரோ கேம்பர், ஃபோர் வீல். மாசி, பங்குனியில மலை ஏறி புளி எடுத்துனு வந்து வேலூர்ல போடுறேன். பீஞ்சமந்தை வரைக்கும் கவலை இல்ல. அங்கிருந்து உள்ளடங்குன ஊருங்களுக்கு மண்பாதை. ஒரு மழை பேஞ்சா மண்ணு ஓடிப்போயி கல்லு மட்டும் பல்லு காட்டினு நிக்கும். போன வாரம் பதினஞ்சு மூட்டையோட இறங்கும்போது ‘டங்’னு ஒரு சத்தம். படுத்துப் பார்த்தா இஞ்சினுக்கு அடியில தொங்குற ஆயில் தொட்டி, அதான் ஆயில் சம்ப்பு, அதுல உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கல். நல்லவேளை, ஒழுகல.

டவுன்ல ஒரு கடையில கேட்டேன். வண்டி நீளத்துக்கும் அலுமினியத் தகடு, 22,000 சொல்றாரு. வெல்டிங் பட்டறையில இரும்புல அடிச்சா போதுமா? எத்தனை கேஜ்? இன்னொன்னு, ஏத்தத்துல ஆயில் லைட்டு மினுக் மினுக்குனு எரிஞ்சி அணையுது. ஆயில் அளவு பாக்குற ஸ்டிக்ல மட்டம் சரியாத்தான் காட்டுது. வயர் லூசா இருக்கும்னு விட்டுட்டேன்.

காட்பாடி டீசல்:
தகடு கிடக்கட்டும் தம்பி. கடைசியில ஒரு வரி எழுதினியே, விஷயமே அதுல இருக்கு. சம்ப்புக்குள்ள அடிமட்டத்தை ஒட்டி ஆயில் உறிஞ்சுற ஸ்ட்ரெய்னர் தொங்கும். தகரம் உள்ள அமுங்கினா அதோட வாயை அடைச்சிக்கும். ஸ்டிக்ல மட்டம் காட்டும், பேரிங்குக்கு ஆயில் போகாது. எனக்கு 2014-ல ஜமுனாமரத்தூர்ல இதே கதை. ஒழுகலையேன்னு தைரியமா ஓட்டினேன். காவலூர் தாண்டி ஆலங்காயம் வர்றதுக்குள்ள இஞ்சின் ‘கடகட’ன்னுச்சு. பேரிங் போயி கிராங்க்கையும் தின்னுடுச்சு. அந்தப் பணத்துல உன் கடைக்காரர்கிட்ட மூணு வண்டிக்குத் தகடு வாங்கியிருக்கலாம். வண்டியை நிறுத்து. சம்ப்பைக் கழட்டி நசுங்கலைத் தட்டி எடுத்து, புது கேஸ்கெட் போடு.

ராணிப்பேட்டை பிட்டர்:
காட்பாடிக்காரர் சொன்னதை முதல்ல செய். அப்புறம் தகடு. முப்பது வருஷம் தகடு வளைச்ச கை இது. வண்டி நீளத்துக்கும் கவசம் எதுக்கு, போருக்கா போற? பின் அச்சுல பல்சக்கரத்தை மூடியிருக்கிற கிரவுன் ஹவுசிங் கெட்டி, சும்மா உரசினா தாங்கும். இப்போதைக்கு சம்ப்பை மூடு. காசு மிஞ்சினா கியர் பாக்ஸ்.

10 கேஜ் இரும்பு போடு, அதாவது 3.25 மி.மீ. ரெண்டடிக்கு ரெண்டரை அடி துண்டு 12 கிலோ வரும். அதே அளவு 6 மி.மீ. அலுமினியம் ஏழரை கிலோதான், துருவும் ஏறாது. ஆனா கல்லுல இரும்பு வழுக்கினு போகும், அலுமினியம் கல்லைக் கவ்விக்கும். கிழிஞ்சா உங்க ஊர் சாதா வெல்டிங்ல பத்தவைக்கவும் முடியாது. செக்கர் தகடு தலையில கட்டுவாங்க, வாங்காதே. அந்த மொட்டெல்லாம் கல்லுல மாட்டும். பிளெயின் தகடுதான், ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு.

முன்முனையை மேல தூக்கி வளைக்கச் சொல்லு, இல்லன்னா கலப்பை மாதிரி உழுதுனு போகும். சம்ப்புக்கும் தகடுக்கும் நடுவுல ஒரு விரல் நுழையணும். தகடு அமுங்க இடம் வேணும், காத்தும் போகணும். ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டுக்கு நேரா ஒரு ஓட்டை. சேசிஸ்ல வெல்டு மட்டும் வைக்க விடாதே, ஓரத்துல விரிசல் விடும். கிளாம்ப் அடிச்சி, போல்ட்டுல மாட்டு. போல்ட் தலை தகடுக்குள்ள அமுங்கி இருக்கணும். நீட்டினு இருந்தா கல்லுல தேஞ்சி ஸ்பேனர் பிடிக்காது, கிரைண்டர்தான் கதி.

மலைப்பாதை ஸ்டியரிங்:
தகடு மேல சருகு சேரும்ணா. சைலன்சர் சூட்டுல காஞ்ச சருகு பத்திக்கும், வாரம் ஒருக்கா கையை விட்டு வழிச்சிடு. இறக்கத்துல கல்லு மேல வந்து பிரேக் அடிக்கிறியா? மூக்கு குனிஞ்சி சம்ப்பு நேரா போயி இடிக்கும். கல்லுக்கு முன்னாடியே ஸ்லோ பண்ணிட்டு, லோ கியர்ல, பிரேக்குல இருந்து காலை எடுத்துட்டு தாண்டு.

ஒடுகத்தூர் புளிக்காரன்:
பத்து நாள் கழிச்சி வரேன். சம்ப்பைக் கழட்டினோம். ஸ்ட்ரெய்னர் வலையோட வட்டம் அப்படியே தகரத்துல அச்சா பதிஞ்சிருக்கு. பார்த்ததும் கை நடுங்கிடுச்சு, காட்பாடி அண்ணனுக்கு ஒரு கும்பிடு. கேஸ்கெட், ஆயில், மெக்கானிக் கூலி 3,300. தகடு கிளாம்ப்போட 15 கிலோ வந்துச்சு, வளைச்சி மாட்டி 4,400. நேத்து பத்து மூட்டைதான் ஏத்துனேன். முதல் நாளே தகடு நீளமா ஒரு கோடு வாங்கினு வந்திருக்கு. லைட்டு மினுக்கல. ஆனா மூணாவது கியர்ல ‘கிர்ர்’னு ஒரு அதிர்வு, காதைத் துளைக்குது. ரப்பர் வாஷர் எந்த சைசு கேக்கணும்?

ராணிப்பேட்டை பிட்டர்:
கடைக்கே போகாதே. பழைய லாரி டியூபை வெட்டி, கிளாம்ப்புக்கும் சேசிசுக்கும் நடுவுல ரெண்டு மடிப்பா வை. நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு போல்ட்டெல்லாம் இன்னொரு தடவை டைட் பண்ணு.