மறு: வில்லேறு நிறை, வில்லேறா நிறை

அன்பர்களுக்கு வணக்கம்.

சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கர அளவு பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதத் தொடங்கிய நண்பர், 'அன்ஸ்ப்ரங் மாஸ்' (காரின் வில்லின்மேல், அதாவது ஸ்பிரிங்கின்மேல், உட்காராத சக்கரம், டயர் போன்றவற்றின் நிறை) என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நின்று இந்த இழையைத் தொடங்கினார். அதற்குள் மூன்று தமிழ்ச் சொற்கள் வந்துவிட்டன. மூன்றிலும் எனக்குக் குறை தெரிவதால் நான்காவதாக ஒன்றைக் கொண்டுவருகிறேன்.

> தொங்கா நிறை என்று வைக்கலாமே. சஸ்பென்ஷன் என்றால் தொங்கல்தானே?

ஜாக்கி வைத்து ஒரு காரைத் தூக்கிப் பாருங்கள். தொங்குவது எது? சக்கரம்! தொங்காதது என்று நாம் பெயர் வைக்கப்போகிற அதே பொருள்தான் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பழைய குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல் வார்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த நினைவு ஆங்கிலச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய காரில் உடல் எதிலும் தொங்குவதில்லை, வில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

> அப்படியானால் வில்லற்ற நிறை?

இதுதான் அகராதி பார்த்தவுடன் வரும் சொல். ஆனால் வில்லின் கீழ்நுனி ஊன்றியிருப்பதே சக்கரத்தைப் பிடித்திருக்கும் கரத்தில்தான். வில்லின் கால் ஊன்றிய ஒன்றை வில் இல்லாதது என்று எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு, காற்றடைத்த டயரும் ஒரு வில்போலவே வேலை செய்கிறது. நண்பரின் கட்டுரைக்கு இது உயிரான செய்தி. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பெரிய சக்கரம் போட்டால் கார் ஏன் கடுமையாகக் குலுங்குகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரே காரணத்தைச் சொல்வார்கள். உண்மையில் இரண்டு காரணங்கள் சேர்ந்து வருகின்றன. முதலாவது, டயரின் பக்கச்சுவர் குறைகிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் வந்த முதல் தலைமுறைக்கு 14 அங்குலச் சக்கரம், 185/60 டயர். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அதில் பக்கச்சுவரின் விழுக்காடு. 185 மி.மீ.யில் 60 விழுக்காடு, அதாவது 111 மி.மீ. பக்கச்சுவர். நான்காம் தலைமுறையில் 16 அங்குலத்துக்கு 195/50, 17 அங்குலத்துக்கு 205/45. கணக்குப் போட்டால் முறையே 97.5, ஏறத்தாழ 92 மி.மீ. சாலையின் சிறு விளிம்புகளை முதலில் விழுங்குவது இந்தச் சுவர்தான். அது குட்டையாகும்போது விறைப்பும் கூடுகிறது.

இரண்டாவது, சக்கரத்தின் கனம். ஒரே உலோகம், ஒரே வார்ப்பு என்றால் பெரிய சக்கரம் பொதுவாகக் கனமானது. இங்கேதான் நாம் தேடும் சொல் வருகிறது. டயர், சக்கரம், சக்கரக் குடம், பிரேக் வட்டு ஆகியவை சாலையோடு ஏறி இறங்குபவை. உடல், எஞ்சின், இருக்கை, ஓட்டுபவர் எல்லாம் வில்லுக்கு மேலே. ஒரு பேச்சுக்கு, 1,000 கிலோ எடையுள்ள சிறிய காரில் ஒரு மூலைக்கு 250 கிலோ வருகிறது என்போம். அதில் 35 கிலோ கீழே என்றால் மேலே 215. விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்கு ஆறு. 1,600 கிலோ காரில் மூலைக்கு 400. கீழே 40 என்று வைத்தாலும் ஒன்றுக்கு ஒன்பது. சக்கரம் ஒரு மேட்டில் மோதி மேலே பாயும்போது அதைத் தடுத்து நிறுத்துவது வில்லும் ஷாக் அப்சார்பரும். அவை தள்ளுவது உடலைப் பிடித்துக்கொண்டு. உடல் இலேசாக இருந்தால் அந்த உதை நேராக முதுகுக்கு வந்துவிடும். சிறிய காருக்கு மூன்று கிலோ கூடுதல் சக்கரம் பெரிய விஷயமாவது இதனால்தான். போதாததற்கு ஸ்போர்ட்ஸ் காரில் வில் விறைப்பாகவும் அது அமுங்க இருக்கும் இடம் குறைவாகவும் இருக்கும்.

குலுக்கலிலும் இரண்டு வகை உண்டு. உடல் நொடிக்கு ஒன்றிரண்டு முறை மெதுவாக ஆடும். சக்கரமோ 10 முதல் 15 முறை வரை துடிக்கும். வில்லை மாற்றினால் முக்கியமாக முதலாவது மாறும். இரண்டாவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டயரின் விறைப்பும் சக்கரப் பக்கத்துக் கனமும். டயரும் வில்போல இயங்குகிறது என்று சொல்லாமல் இதை விளக்கவே முடியாது. 'வில்லற்ற' என்று பெயர் வைத்துவிட்டு, அடுத்த வரியில் டயரின் வில்தன்மையைப் பேசினால் வாசகர் குழம்புவார்.

'வில்கீழ் நிறை' என்ற மூன்றாவது சொல் எனக்குப் பிடித்திருந்தது. பந்தயக் கார்களில் வில் உடலுக்குள் படுத்துக் கிடப்பதையும், சக்கரக் குடம் அதைவிட உயரத்தில்கூட இருக்கலாம் என்பதையும் நினைத்ததும் விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு: வில்லேறு நிறை, வில்லேறா நிறை. வில்லின்மேல் ஏறி உட்கார்ந்தது ஒன்று, ஏறாதது மற்றொன்று. முன்னது வினைத்தொகை, பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஓர் எழுத்துதான் வேறுபாடு, இணை என்பது காதிலேயே விழுகிறது. நிறையைத் திணிவு என்று எழுதும் ஈழத்து நண்பர்கள் 'வில்லேறு திணிவு', 'வில்லேறாத் திணிவு' என்று எழுதலாம். இரண்டாவதில் மட்டும் ஒற்று மிகும்.

மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். டயரும் ஒரு வில் என்றால் சக்கரம் அதன்மேல் ஏறியதுதானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. வில் என்பதை இங்கே உறுப்பின் பெயராக மட்டும் கொள்கிறேன். அது சுருள்வில், பட்டைவில், முறுக்குத்தண்டு எதுவாகவும் இருக்கலாம். 'சுருள்' என்று தொடங்காமல் 'வில்' என்று தொடங்கியதும் இதற்காகத்தான். இன்னொன்று, ஏறுவரிசைபோல 'ஏறு' என்பது கூடுவதையும் குறிக்கும். ஆகவே 'ஏறுநிறை' என்று யாரும் சுருக்கிவிடக் கூடாது. நாணேற்றிய வில் நினைவுக்கு வருகிறது என்று புலவர் ஒருவர் கிண்டல் செய்வார், செய்யட்டும்.

வில், கரங்கள், ஷாக் அப்சார்பர் ஆகியவை இரண்டு பக்கத்தையும் தொட்டு நிற்பவை. அவற்றின் கனத்தில் தோராயமாகப் பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் சேர்ப்பது வழக்கம். அதற்குத் தனிச்சொல் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நண்பரின் கட்டுரை வரியை இந்தச் சொற்களோடு எழுதிப் பார்த்தேன்: "17 அங்குலச் சக்கரம் வில்லேறா நிறையைக் கூட்டுகிறது, வில்லேறு நிறை குறைவான சிறிய காரில் அதன் விளைவை இருக்கையிலேயே உணரலாம்." வாய்விட்டுப் படித்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.