சீலியாக் உள்ள பிள்ளையைக் குரூப் டூரில் அழைத்துப் போகலாமா?

கோவைக்காரி:
என் மகளுக்கு 14 வயது. சீலியாக் என்று ரத்தப் பரிசோதனையிலும் எண்டோஸ்கோபியிலும் உறுதியாகிவிட்டது. குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடுகிற நோய் இது. அது உள்ள தானியங்களான கோதுமை, பார்லி, ரை மூன்றும் கூடாது. மே மாதம் மாமியாரையும் அழைத்துக்கொண்டு இத்தாலி, சுவிட்சர்லாந்து குரூப் டூர் போக நினைக்கிறோம். நாங்கள் சைவம். படிவத்தில் சாப்பாட்டுக்கு வெஜ், நான்வெஜ், ஜெயின் என்று மூன்று கட்டம்தான் இருக்கிறது. போனில் கேட்டால், "தினமும் ராத்திரி இந்தியன் ரெஸ்டாரண்ட்தான் மேடம், சோறு கிடைக்கும்" என்கிறார்கள். நம்பிப் பணம் கட்டலாமா?

வழிப்போக்கன்:
கட்டாதீர்கள் சகோதரி. எனக்கும் சீலியாக் உண்டு. அந்த இந்தியன் ரெஸ்டாரண்டை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சாம்பார், ரசம், தால் எல்லாவற்றிலும் அது விழும். பக்கத்திலேயே நானுக்கு மாவு பிசைவார்கள். சமோசா பொரித்த எண்ணெயில்தான் அப்பளமும் பொரியும். சோறு கிடைக்கும், சரி, அதன் மேல் எதை ஊற்றுவது?

இத்தாலியர் நடத்தும் உணவகம் இதைவிடப் பாதுகாப்பு. குளூட்டன் உள்ள தானியங்கள் உட்பட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிக் கேட்பவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2014 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பொட்டலத்தில் அடைத்தவற்றுக்கு மட்டும் அல்ல, ஹோட்டல் சாப்பாட்டுக்கும் பொருந்தும். இத்தாலிய சீலியாக் சங்கம் பயிற்சி கொடுத்துப் பட்டியலில் சேர்த்த உணவகங்களும் பீட்சா கடைகளும் ஊர் ஊராக உண்டு. மருந்துக்கடையிலேயே குளூட்டன் இல்லாத பாஸ்தா விற்கிறார்கள். இவ்வளவு வசதி உள்ள நாட்டுக்குப் போய்ப் பஸ் நிற்கிற இடத்தில்தான் சாப்பிட வேண்டும் என்றால் என்ன நியாயம்? ரோம், ஃபுளோரன்ஸ், மிலான் மூன்றையும் ரயிலிலேயே பார்த்துவிடலாம். தனியாகப் போங்கள்.

பாலக்காட்டார்:
இவ்வளவு பயம் தேவையா? என் மைத்துனரும் கோதுமை சாப்பிடுவதில்லை. கல்யாண வீட்டில் ஒரு பூரி சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. இத்தாலிதான் பாஸ்தா நாடு, அதை விட்டுவிட்டு ஜப்பான் போங்கள். அரிசி தின்கிற ஊர், பிரச்சினையே இருக்காது.

வழிப்போக்கன்:
ஐயா, உங்கள் மைத்துனருக்கு இருப்பது வேறு ஏதாவதாக இருக்கலாம். சீலியாக்கில் உடம்பு தன் சிறுகுடலையே தாக்குகிறது. வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே புண்ணாகும். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டனுக்குள் இருந்தால்தான் பயமில்லை என்கிறார்கள். ஒரு துண்டு பிரெட்டில் கிட்டத்தட்ட 2 கிராம் இருக்கும். பிரெட் தூள் ஒட்டிய வெண்ணெய்க் கத்தி போதும். வளர்கிற பிள்ளையிடம் "கொஞ்சம் சாப்பிட்டால் பரவாயில்லை" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

ஜப்பான் இதைவிடக் கஷ்டம். வழக்கமான சோயா சாஸே கோதுமை சேர்த்துப் புளிக்க வைத்தது, அது அங்கே தொடாத சமையல் குறைவு. பக்வீட் என்ற வேறு தானிய மாவில் செய்கிற சோபா நூடுல்ஸில்கூடப் பல கடைகளில் ஐந்தில் ஒரு பங்கு கோதுமை. தண்ணீருக்குப் பதிலாக வைக்கிற டீ பல இடங்களில் பார்லி டீ. அங்கே கோதுமை இருந்தால் பொட்டலத்தின் மேல் கட்டாயம் எழுத வேண்டும், பார்லிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உணவகங்களுக்கு எதுவுமே கட்டாயமில்லை.

டூர் லீடர்:
நான் ஐரோப்பாவுக்குக் குழு அழைத்துப் போகிற வேலையில் இருக்கிறேன். வழிப்போக்கன் சொன்ன ஆபத்தெல்லாம் உண்மை, முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாமியாரோடு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறுவது எல்லாக் குடும்பத்துக்கும் முடிகிற காரியமா?

அக்கா, பணம் கட்டும் முன்பே மெயிலில் கேளுங்கள். பெருங்காயமும் மாவும் சேராத தால் தனிப் பாத்திரத்தில் கிடைக்குமா, எந்தெந்த உணவகம் என்று கேளுங்கள். மெனு முன்பே முடிவாகிவிடும், அதற்கு முன் சொன்னால் நாங்கள் பேச முடியும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால், 40 பேருக்குப் பரிமாறுகிற நேரத்தில் சமையல்காரர் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

காலை பஃபேவுக்கு முதல் ஆளாகப் போய்விடுங்கள். பொது டோஸ்டர் வேண்டாம். கார்ன்ஃபிளேக்ஸும் வேண்டாம், பலவற்றில் பார்லி மால்ட் இருக்கும். அறையில் குக்கர் வைக்க விடமாட்டார்கள், வெந்நீரில் ஊறுகிற அவல் எடுத்து வாருங்கள். நெய்யும் தயிரும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது. விமானத்தில் குளூட்டன் இல்லாத சாப்பாட்டையும் இந்து சைவச் சாப்பாட்டையும் சேர்த்துக் கேட்கப் பெரும்பாலும் வழியில்லை, ஒன்றைத்தான் பதிவார்கள். குளூட்டன் இல்லாததில் கறி வரலாம், அதற்கும் கையில் ஏதாவது இருக்கட்டும்.

வழிப்போக்கன்:
மெயிலில் சரி என்பவர் சென்னையில் இருப்பார், சமைப்பவர் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் இருப்பார். நடுவில் ஏஜென்ட். சொன்னது கடைசிவரை போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பது?

டூர் லீடர்:
லீடர்தான். என் குழுவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் நானே சமையலறைக்குள் போய்க் கேட்பேன். எல்லாரும் செய்வதில்லை என்பதும் தெரியும். அதனால்தான் லீடரின் பெயரையும் எண்ணையும் முன்கூட்டியே வாங்கச் சொல்கிறேன். நகரத்தில் தங்குகிற நாள்களில் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு நீங்களே இத்தாலிய உணவகத்துக்குப் போகலாம். பணம் திரும்பாது, அனுமதி உண்டு.

வழிப்போக்கன்:
குரூப் டூர் ஹோட்டல் பல நேரம் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு அங்கிருந்து நடந்து எங்கே போவார்கள்?

கோவைக்காரி:
இரண்டு பேருக்கும் நன்றி. இந்தக் கேள்விகளோடு ஹோட்டல் முகவரிகளையும் கேட்டு இன்று மெயில் அனுப்பிவிட்டேன். உணவகத்தின் பெயர் இல்லாமல் "கவலை வேண்டாம்" என்று மட்டும் பதில் வந்தால் இந்த டூர் எங்களுக்கு வேண்டாம். மாமியாருக்குத் தோதாக ரோமும் ஃபுளோரன்ஸும் மட்டும் நாங்களே போய் வருவோம், சுவிஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வழிப்போக்கன்:
பாஸ்தா சொல்லும்போது தனிப் பாத்திரத்தில், புதுத் தண்ணீரில் வேகவைத்தார்களா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பட்டியலில் உள்ள கடையாக இருந்தாலும் கேளுங்கள்.