அப்பா எழுதிய பெயர்கள்

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இத்தனை நாளும் இந்தக் குழுவில் நீங்கள் எல்லாரும் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு நானும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பேராக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் ஊர். சுற்றிலும் பால்மரக் (ரப்பர்) காடு, இப்போது பாதி செம்பனை. அப்பா தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். 1968-இல் தேசியப் பதிவிலாகாவில் கிராணியாக (குமாஸ்தாவாக) சேர்ந்தார். பிறப்பு, இறப்பு, ஐ.சி. என்கிற அடையாள அட்டை. ஓய்வு பெறும்வரை இதே வேலைதான்.

பாட்டியின் பெயர் சம்பளச் சிட்டாவில் ஒரு மாதிரி, ஐ.சி.யில் வேறு மாதிரி. ஒரு எச் எழுத்துதான் வித்தியாசம். அதற்காகச் சேமநிதிப் பணத்துக்கு அவர் எத்தனை முறை பஸ் ஏறினார் என்று கணக்கே இல்லை. எந்த அலுவலகம் என்று சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? ஆனால் அப்பா அதை மறக்கவே இல்லை. பிள்ளைக்குச் சூராட் (பிறப்புப் பத்திரம்) எடுக்க யார் வந்தாலும், முதலில் "பசியாறிட்டீங்களாம்மா?" என்பார். அப்புறம் பெயரைச் சொல்லச் சொல்லி, ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வார். முத்துவா மூர்த்தியா, குறிலா நெடிலா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்தின பிறகுதான் தட்டச்சு. பின்னால் வரிசை வாசல்வரை நின்றாலும் இதில் மட்டும் அவசரப்பட மாட்டார். அந்த நோட்டுகளில் நான்கு இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன.

பிறந்த தேதி தெரியாமல் வரும் கிழவிகள்தான் அவருக்குப் பெரிய கவலை. "ஜப்பான்காரன் வந்தப்ப நடந்துக்கிட்டிருந்தேன் சார்" என்பார்கள். அப்பா 1941 டிசம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுவார். தைப்பூசத்துக்கு முன்னாலா பின்னாலா, அண்ணனுக்கும் உங்களுக்கும் எத்தனை தீமிதி வித்தியாசம் என்று கேட்டுக் கேட்டு வருவார். 1990-இல் 12 இலக்க எண் வந்தபோது முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதியே ஆனது. "தேதி தப்பா இருந்தா இனி நம்பரே தப்புடா" என்று வீட்டில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

உங்களில் யாராவது அவரைப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

கோலகங்சாரிலிருந்து ஒருவர்:
பார்த்திருக்கிறேன் தங்கச்சி. எனக்குப் பன்னிரண்டு வயது, ஐ.சி. எடுக்க அம்மாவோடு வந்தேன். அம்மாவும் பழைய ஐ.சி.யை மாற்ற வேண்டியிருந்தது. பால் வெட்டி வெட்டி அம்மாவின் கட்டைவிரலில் ரேகையே தேய்ந்திருந்தது, ஓரமெல்லாம் காய்ந்த பால் ஒட்டியிருந்தது. இரண்டு முறை பதித்தும் வெறும் கறுப்புத் திட்டுதான். அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. உங்கள் அப்பா எழுந்து வந்து, பின்கட்டுக் குழாயைக் காட்டி சவர்க்காரம் கொடுத்தார். துண்டையும் அவரே நீட்டினார். பிறகு விரலை மெதுவாக உருட்டி எடுத்தார். "பாருங்கம்மா, எவ்வளவு அழகா விழுந்திருக்கு" என்றார். என் அம்மாவிடம் அரசாங்க ஆபீசில் ஒருவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்:
எங்கள் அம்மாவுக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி. 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடியில் சொந்தக்காரர்கள் பலர் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அம்மா போகவில்லை. குடியுரிமைக்கு மலாய் மொழித் தேர்வு இருந்ததே, அதில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். வேலை முடிந்து உங்கள் அப்பா அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) நாற்காலி போட்டு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பார். "நாமா சாயா, உமோர் சாயா" (என் பெயர், என் வயது) என்று அம்மா வீட்டில் அடுப்படியில் நின்று ஒப்பித்துக்கொண்டிருப்பார். கடைசியில் குடிமக்களுக்கான நீல ஐ.சி. கிடைத்தது. 2013 பொதுத்தேர்தலில்தான் முதன்முதலாக விரலில் மை வைத்தார்கள் இல்லையா? அம்மா அந்த விரலோடு என்னைச் சுங்கை சிப்புட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார். உங்கள் வீட்டு வாசலில் விரலை நிமிர்த்திக் காட்டினார். சார் எழுந்து நின்றுவிட்டார்.

மீண்டும் நான்:
அண்ணே, அக்கா, இதையெல்லாம் அப்பா ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. அந்த அம்மா வந்த அன்று நான் கோலாலம்பூரில் இருந்தேன்.

அப்பாவின் இறப்பைப் பதிய நான்தான் போனேன். முகப்பில் இருந்தது சின்ன வயது மலாய்ப் பெண். அச்செடுக்கும் முன் திரையை என் பக்கம் திருப்பி, பெயர் சரியா என்று கேட்டாள். கண்ணீரில் எழுத்துகள் கலங்கின. துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக, எச் உட்பட, இரண்டு தடவை வாசித்தேன். அவள் காத்திருந்தாள்.