டிரெயில் பிரேக்கிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

பெரம்பூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ரேஸ் சிமுலேட்டர் பழகுபவர்களுக்கான தமிழ்க் கையேட்டில் ஒரே ஒரு சொல் பாக்கி: டிரெயில் பிரேக்கிங். அப்படியே எழுதினால் எண்ணூர், மணலிப் பக்கத்துப் பிள்ளைகள் கன்டெய்னர் வண்டியின் டிரெய்லர் பிரேக் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'இழுவைத் தடுப்பு' என்று மாற்றினாலும் அதே குழப்பம்தான்.

செயல் இதுதான். நேர்த்தடத்தில் பிரேக்கை முழு அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறோம். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுவதில்லை. திருப்பம் கூடக் கூட அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், வளைவின் உள்முனையை நெருங்கும்போது பூஜ்யத்துக்கு வருகிறோம். டயருக்கு இருக்கும் பிடிமானத்தை பிரேக்கும் திருப்பமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதை ஒரு வட்டமாக வரைந்து கணக்கிடலாம்: இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 100இன் வர்க்கத்தைத் தாண்டக் கூடாது. பிரேக் 90 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால் திருப்பத்துக்கு ஏறக்குறைய 44 மிஞ்சும். பிரேக் 80 என்றால் 60. பிரேக்கை 60க்கு இறக்கினால் திருப்பத்துக்கு 80 கிடைக்கும்.

காலைச் சட்டென்று எடுத்தால் முன்சக்கரங்கள் மேல் இறங்கியிருந்த பாரம் பின்னுக்குப் போகும்; மூக்கு தூக்கும்; ஸ்டீயரிங் திரும்பியிருந்தும் கார் வெளிப்பக்கம் ஓடும். தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டே போனால் முன்சக்கரம் லாக் ஆகி, சுழலாமல் வழுக்கும்; அல்லது பாரம் குறைந்த பின்பக்கம் வழுக்கி வண்டி சுழலும். ஆக, நுட்பம் முழுக்க பிரேக்கை விடும் விதத்தில் இருக்கிறது. சொல்லும் அதைத்தான் காட்ட வேண்டும். என் முன்மொழிவு 'தேய்பிரேக்'. தேய்பிறை நினைவுக்கு வரும்.

வியாசர்பாடியிலிருந்து:

அண்ணே, தேய்பிரேக் வேண்டாம். 'பிரேக் தேஞ்சிடுச்சு' என்றால் எந்த மெக்கானிக்கும் பேட் மாற்றத்தான் வீலைக் கழற்றுவார். ஓட்டுபவர் வாயில் இருப்பது மூன்று வினை: பிரேக் அடி, பிரேக் பிடி, பிரேக்கை விடு. 'அடிக்காதே, பிடி' என்று சொல்லித்தானே வண்டி பழக்குகிறோம். அதிலிருந்தே எடுக்கலாம். 'விட்டுப்பிடி' எப்படி?

ராயபுரத்திலிருந்து:

'பிடி'யை வைத்துக்கொள்வோம். ஆனால் விட்டுப்பிடி என்றால் ஒருமுறை விட்டு, மறுபடி பிடிப்பது. ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத காரில், மழைத் தரையில் சக்கரம் லாக் ஆனால் விட்டு விட்டு மிதிக்கிறோமே, அதற்குப் பொருத்தமான சொல் அது. அதற்கே ஒதுக்கிவிடலாம். (ஏர் பிரேக் லாரியில் இப்படிச் செய்தால் டாங்கில் காற்று இறங்கிவிடும் என்பதையும் கையேட்டில் சேருங்கள். நம் பக்கத்தில் அந்த வண்டிகள்தான் அதிகம்.)

என் பரிந்துரை 'தளர்பிடி'. வினைத்தொகை. தளர்ந்த பிடி, தளர்கிற பிடி, தளரும் பிடி என மூன்று காலமும் அதில் அடங்கும். தொடர்ந்து நடக்கிற ஒன்றைச் சொல்ல இதைவிட நல்ல அமைப்பு நம்மிடம் இல்லை. சக்கரம் லாக் ஆவதற்குச் சற்று முன்வரை அழுத்திப் பிடிப்பதை 'எல்லைப்பிடி' எனலாம். எல்லைப்பிடி, தளர்பிடி, விட்டுப்பிடி மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

டீச்சர், அமைப்பு நன்றாக இருக்கிறது. ஒரு தடை மட்டும். 'டயர் பிடி இல்லை' என்றும் நாம் பேசுகிறோம். தளர்பிடி என்றதும் டயர் வழுக்குவதாக எண்ணினால்?

இன்னொன்று. சொல்லைச் சிமுலேட்டருக்கு மட்டும் பொருந்துவதாகச் செய்துவிடக் கூடாது. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுப் பந்தயத் தடத்தில் பயிற்சியாளர் கத்திச் சொல்லும்போதும் அது காதில் விழ வேண்டும். சிமுலேட்டரில் பழகியது அங்கே எவ்வளவு கைகொடுக்கும் என்பதையும் அதே பகுதியில் எழுதுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

எழுதுகிறேன். சிமுலேட்டரிலிருந்து தடத்துக்கு எது கடந்துபோகும் என்பது முதலில் பெடலைப் பொறுத்தது. லாஜிடெக் ஜி29 போன்ற பெடல் பொட்டன்ஷியோமீட்டர் வழியாக நகர்ந்த தூரத்தை அளக்கிறது. உண்மையான காரில் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலின் விசையோடு ஏறி இறங்குகிறது. தூரத்துக்குப் பழகிய கால் தடத்தில் ஏமாந்துபோகும். லோட் செல் பெடல் விசையை அளப்பதால் தளர்பிடி பழக அதுதான் உகந்தது. முழு பிரேக்குக்கான உச்ச விசையை எடுத்த எடுப்பில் 90 கிலோவுக்கு வைக்காதீர்கள். தொடை களைத்ததும் விடும் வேகம் சுற்றுக்குச் சுற்று மாறும். 40 கிலோவில் தொடங்குங்கள். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி மிதித்ததும் பின்னால் ஓடும், அந்த ஓட்டமும் அளவில் கலந்துவிடும். நாற்காலியையும் பெடலையும் ஒரே சட்டத்தில் முடுக்குங்கள். பொட்டன்ஷியோமீட்டர் பெடலில் தூசியும் ஈரமும் ஏறினால் காலை அசைக்காமலே திரைக்கோடு (பிரேக் அழுத்தத்தைத் திரையில் காட்டும் கோடு) துள்ளும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மறுபடி அளவு குறித்தால் (காலிபரேஷன்) பெரும்பாலும் சரியாகும்.

அடுத்தது மென்பொருள். அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேயில் ஜிடி3 கார்களுக்கு ஏபிஎஸ் உண்டு. அழுத்தம் கொஞ்சம் மிகுந்தாலும் அது காப்பாற்றும். அங்கேயே பழகியவர் ஏபிஎஸ் இல்லாத எல்ஜிபி ஃபார்முலா காரில் (நம் நாட்டுத் தொடக்கநிலைப் பந்தயக் கார்) ஏறினால் முதல் வளைவிலேயே முன்சக்கரத்தை லாக் செய்வார். கிரான் டுரிஸ்மோ 7இல் ஏபிஎஸ் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும்; 'வீக்' அல்லது 'ஆஃப்' என்று மாற்றாமல் தளர்பிடி பழகுவதில் பொருளில்லை. ஐரேசிங்கில் ஃபார்முலா வீ போன்ற எளிய கார்கள் இருக்கின்றன. தடங்கள் லேசரால் அளந்தவை. கணக்கீடு நொடிக்கு 360 முறை. காலைப் பழக்க என் தேர்வு அதுதான், மாதச் சந்தா கையைக் கடிக்கும் என்றாலும். பழைய அசெட்டோ கோர்சாவில் பயனர்கள் செய்த தடங்களைச் சேர்க்கலாம். ஆனால் கண்ணால் பார்த்துச் செய்த தடத்தில் மேடு பள்ளம் இடம் மாறியிருக்கும். அதில் பழகிய பிரேக் புள்ளியை நிஜத் தடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

திரையும் ஏமாற்றும். 27 அங்குலத் திரை ஏறக்குறைய 60 செ.மீ. அகலம். கண்ணுக்கும் திரைக்கும் 70 செ.மீ. என்றால் சரியான கிடைமட்டப் பார்வைக்கோணம் 46 பாகைதான். மென்பொருளில் பலர் அதை 90 வைக்கிறார்கள். வளைவு தொலைவில் இருப்பதுபோல் தெரியும், பிரேக் பிந்தும்.

கடந்து போகாதது உடல் உணர்வு. சிமுலேட்டரின் ஸ்டீயரிங் மோட்டார் முன்டயரின் செய்தியைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே கையில் கனம் குறையும். அதைக் கவனிக்கப் பழகினால் தடத்திலும் உதவும். பின்பக்கம் வழுக்குவதை நிஜக் காரில் இடுப்புதான் முதலில் அறியும். சிமுலேட்டரில் கண்ணும் காதும் அறிவதற்குள் அரை வளைவு போயிருக்கும். இதனால் சிமுலேட்டரை ஒதுக்க வேண்டியதில்லை. கிரான் டுரிஸ்மோ விளையாட்டில் வென்றவர்களைப் பந்தய ஓட்டுநராக்க 2008இல் தொடங்கிய ஜிடி அகாடமியின் முதல் வெற்றியாளர் லூக்காஸ் ஓர்டோனியெஸ், 2011 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாவதாக வந்த அணியில் ஓட்டினார். ஆனால் இடையில் நிஜக் கார்ப் பயிற்சி இருந்தது. அதைத் தாண்ட வழியில்லை.

வியாசர்பாடியிலிருந்து:

ஒரு எச்சரிக்கை கட்டாயம். இது பந்தயத் தடத்துக்கான பழக்கம். எண்ணூர் விரைவுச் சாலையில் வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சிமுலேட்டரில் இடப்பக்கச் சந்தில் பைக் நுழையாது. அதில் மட்டும் பழகியவர் சைடு கண்ணாடி பார்க்கவே மறப்பார்.

ராயபுரத்திலிருந்து:

டயர் குழப்பத்துக்கு: டயருக்கு எப்போதும் 'பிடிமானம்', காலுக்கு மட்டும் 'பிடி'. முதல் இடத்தில் 'பிரேக் தளர்பிடி' என்று எழுதிவிட்டால் பிறகு தளர்பிடி போதும். பதிவு இப்படி:

தளர்பிடி: வளைவுக்குள் நுழைகையில், ஸ்டீயரிங் திருப்பம் கூடுவதற்கு ஏற்ப பிரேக் அழுத்தத்தைத் தொடர்ச்சியாகக் குறைத்தல். வினையாக: தளர்த்திப் பிடி.

தண்டையார்பேட்டையிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். திரைக்கோட்டின் பிழைகளுக்கும் பெயர் வையுங்கள். செங்குத்தாக விழுந்தால் 'அறுபிடி', அதாவது காலைச் சட்டென்று எடுத்தது. படிக்கட்டுபோல் இறங்கினால் கால் தயங்கியது. அதற்குத் தனிப்பெயர் வேண்டாம். சரிவாக இறங்கி, கடைசி 20 விழுக்காடு இன்னும் மெதுவாகக் கரைந்தால் அதுதான் சரியான தளர்பிடி.

கோ-கார்ட் வண்டிக்கு ஒரு குறிப்பும் வேண்டும். பெரும்பாலான கார்ட்டில் பிரேக் பின் அச்சில் மட்டும். அங்கே தளர்பிடி நீண்டால் முன்பக்கம் லாக் ஆகாது, பின்பக்கம்தான் சுழற்றிவிடும்.

வியாசர்பாடியிலிருந்து:

பைக்கையும் சேருங்கள் அண்ணே. முன்பிரேக் லீவர் விரலில் இருக்கிறது. வளைவில் வண்டி சாயச் சாய விரல் தளர்வதற்கும் இதே சொல் அப்படியே பொருந்தும்.