ஹால்ஸின் 1664 ஓவியத்தில் ஐந்தாவது பெண் யார்?

கேள்வி (கோட்டோவியன்):
நெதர்லாந்தின் ஹார்லெம் நகர முதியோர் இல்லத்தின் பெண் நிர்வாகிகளை டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்த ஓவியம். நிர்வாகிகள் நால்வர் என்கிறார்கள், படத்திலோ ஐந்து பேர். இன்னொன்று: ஹால்ஸ் அந்த இல்லத்திலேயே தஞ்சம் புகுந்திருந்தார், அந்தக் கடுப்பில்தான் முகங்களை இப்படிக் கடுமையாக வரைந்தார் என்பது உண்மையா?

சாயக்கிண்ணம்:
வலது ஓரம் பின்னால், கையில் தாளோடு நிற்பவரைப் பாருங்கள். அவர் இல்லத் தாய். சம்பளத்துக்கு அங்கேயே தங்கி அன்றாட வேலையைக் கவனித்தவர். மற்ற நால்வரும் வசதியான குடும்பத்துப் பெண்கள், ஊதியம் இல்லாத பொறுப்பு. சமையல், துணிமணி, படுக்கை விரிப்பு எல்லாம் அவர்கள் கையில். நிலம், வாடகை, வழக்கு ஆண் நிர்வாகிகளிடம்.

இல்லத் தாயைச் சேர்த்து வரைவது ஹால்ஸ் கண்டுபிடித்ததில்லை. ஆம்ஸ்டர்டாம் தொழுநோயாளர் இல்லத்துக்காக வால்கெர்ட் என்ற ஓவியர் 1624லேயே மூன்று பெண் நிர்வாகிகளோடு அந்த இல்லத் தாயையும் வரைந்திருக்கிறார்.

ஹால்ஸ் வரைந்த நால்வரின் பெயர்கள் வேண்டுமானால்: அட்ரியான்ட்ஜெ ஸ்கௌட்டன், மரைட்ஜெ வில்லெம்ஸ், அன்னா வான் டாம்மெ, அட்ரியானா பிரெடன்ஹாஃப். படத்தின் மேல் எண்ணோ பெயரோ கிடையாது; முகத்துக்கு நேரே பெயர் போட்டுச் சுற்றும் படங்களை நம்பிவிடாதீர்கள்.

மேசைவிளக்கு:
தஞ்சம் புகுந்த கதை விதிப்படியே நிற்காது. 60 வயதைத் தாண்டிய, துணையில்லாத, ஹார்லெம்வாசி ஆண்களுக்கான இல்லம் அது. ஹால்ஸின் மனைவி லிஸ்பெத் அவருக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர். வறுமை மட்டும் நிஜம்: 1664இல் நகராட்சி அவருக்கு ஆண்டுக்கு 200 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) உதவித்தொகையும் அடுப்பெரிக்கக் கரிநிலமண் (peat) கட்டியும் கொடுத்தது. கொடுத்தது நகராட்சி, இந்தப் பெண்கள் அல்ல. அப்புறம், தங்கள் அறைச் சுவருக்கென்று அவர்களே வரையச் சொன்ன படம். அவமானமாக இருந்திருந்தால் மாட்டியே இருக்க மாட்டார்கள்.

இதற்கு ஜோடியாக அதே இல்லத்தின் ஆண் நிர்வாகிகளை ஹால்ஸ் வரைந்த படத்தில் தொப்பி சாய்ந்த ஒருவரைக் குடிகாரர் என்பதும் இதே ரகம். முகவாதமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தொப்பியைச் சாய்த்து வைப்பது அன்றைய நாகரிகம்.

சாயக்கிண்ணம்:
சரி. ஆனால் முகங்கள் கடுமையாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் நாம் பார்க்கும் நகல்கள். அசல் ஏறக்குறைய 170 × 250 செ.மீ. அதைக் கைபேசித் திரைக்குச் சுருக்கினால் கறுப்பு உடைகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளைக் கழுத்துப்பட்டியும் முகமும் மட்டும் வெட்டி ஒட்டினாற்போல் மிதக்கும். ஹால்ஸிடம் 27 கறுப்புகள் இருந்தன என்று வான் கோ 1885இல் கடிதத்தில் எழுதினார். சின்ன நகலில் ஒன்றுகூடத் தேறாது. இருப்பதில் பெரிய கோப்பை இறக்கி, நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். மொத்த வெளிச்சத்தையும் கூட்டினால் கழுத்துப்பட்டி வெளுத்துப்போகும். பிறகு கைகளுக்கு வாருங்கள்: ஈரம் காயுமுன் இழுத்த அகலமான தீற்றல்கள், விரல்நுனியில் கோடு மூடப்படாமலே நிற்கும்.

மேசைவிளக்கு:
தேடும்போது ஒரு குழப்பம் வரும். ஹார்லெம் எலிசபெத் மருத்துவமனைக்கு 1641இல் ஹால்ஸ் வரைந்தது ஆண்களை மட்டும். அதே ஆண்டு பெண் நிர்வாகிகளை வரைந்தவர் ஃபெர்ஸ்ப்ரோங்க். இரண்டையும் ஹால்ஸ் கணக்கில் எழுதும் பக்கங்கள் நிறைய. 1664 ஜோடி இப்போது இருக்கும் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகம், 1913 முதல், அந்தப் பழைய முதியோர் இல்லக் கட்டடத்தில்தான் இயங்குகிறது.