பணம் கட்டியவருக்கே கூடை நினைவூட்டல் மெயில் போகிறது, உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் இணையக் கடை நடத்தும் மென்பொருள்) இயங்கும் என் கடையோடு ஒரு மெயில் மார்க்கெட்டிங் சேவையை அதன் பிளக்இன் (கூடுதல் நிரல்) வழியாக இணைத்திருக்கிறேன். பழைய வாடிக்கையாளர் பட்டியல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. புது ஆர்டர் விவரம்தான் அந்தச் சேவைக்குப் போக மாட்டேன் என்கிறது. இதனால் பணம் கட்டி முடித்தவருக்கே "உங்கள் கூடையில் பொருள் காத்திருக்கிறது" என்று மெயில் போகிறது. ஒருவர் "இன்னொரு தடவை வாங்கணுமா?" என்று பதில் போட்டிருந்தார். நியாயமான கேள்வி.

அமைப்புகளில் பார்த்தால் ஆர்டருக்கான வெப்ஹூக் (ஆர்டர் வந்ததும் மெயில் சேவைக்குத் தானாகத் தகவல் அனுப்பும் வசதி) முடங்கிக் கிடக்கிறது. தொடர்ந்து 5 முறைக்கு மேல் டெலிவரி தோற்றால் அது தானாகவே அணைந்துவிடும் என்பது தெரியும். ஆன் செய்தால் கொஞ்ச நேரம் ஓடி, மறுபடி அணைகிறது. லாகில் 401, அதாவது அனுமதிச் சான்று ஏற்கப்படவில்லை என்ற பிழை, வருகிறது. ஏபிஐ கீயை (இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளத் தேவையான ரகசியக் குறியீடு) புதிதாக எடுத்துப் போட்டேன், படிக்க எழுத இரண்டு அனுமதியும் இருக்கிறது, பலனில்லை. சோதனைத் தளம் ஒன்றும் முன்பு இதே கணக்கில் இணைந்திருந்தது. அந்தப் பழைய இணைப்பின் மிச்சமோ என்று ஒரு சந்தேகம்.

முழுதாகத் துண்டித்துவிட்டு மறுபடி இணைக்கலாமா? மெயில் வேண்டாம் என்று விலகியவர்கள் திரும்பவும் பட்டியலில் ஏறிவிடுவார்களோ என்றுதான் பயம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை கூடை மெயிலை நிறுத்தி வைத்திருக்கிறேன்.